குப்பை யாருடையது?

புனேயில் சொந்தமாக ப்ளாட் வாங்கிய நம்மவர்கள் பலருக்கும் என்றாவது ஒரு நாள் சொஸைட்டி கமிட்டியில் உட்காரும் பாக்கியம் கிட்டிவிடுகிறது. 'மதராஸி' கணக்கு வழக்கில் கெட்டி, கூட்டத்தில் சண்டை போடமாட்டார் என்று ஒரு நல்லெண்ணம் இங்கே உண்டு. அதனால் பொருளாளர் பதவியோ, வேறு யாரும் கைநீட்டி வாங்காத தண்ணீர், குப்பை இலாகாவோ நம் தலையில் வந்து விழும். அப்படி மாட்டிக்கொண்டவர்களையும் இனி மாட்டிக்கொள்ளப் போகிறவர்களையும் மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். தண்ணீரைப் பற்றி இன்னொரு சமயம் பேசலாம். இப்போது குப்பை.

வழக்கமாக நடப்பது இது. கமிட்டி கூடும். மக்கும் குப்பைக்குப் பச்சை டப்பா, மக்காத குப்பைக்கு நீல டப்பா என்று வீட்டுக்கு இரண்டு வாங்கத் தீர்மானம் நிறைவேறும். லிஃப்ட் பக்கத்தில் நோட்டீஸ் ஒட்டுவார்கள். முதல் மாதம் எல்லோருக்கும் உற்சாகம். மூன்றாவது மாதம் பார்த்தால் நீல டப்பாவில் சாம்பார் சாதம், பச்சை டப்பாவில் பால் கவர். ஆறாவது மாதம் இரண்டு டப்பாவும் பால்கனியில் துளசிக்கும் கற்பூரவல்லிக்கும் தொட்டியாகிவிடும். "நம் ஜனங்களுக்குப் பொறுப்பே கிடையாது" என்று காரியதரிசி அலுத்துக்கொள்வார்.

ஜனங்களுக்குப் பொறுப்பு இல்லை என்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். ஆரம்பித்த இடம்தான் தவறு. டப்பாவிலிருந்து ஆரம்பித்தால் டப்பாவோடு முடியும். தினம் காலையில் அந்தக் குப்பையைக் கையால் தொட்டு எடுத்து, பிரித்து, விற்று, அதில் வயிறு வளர்க்கும் பெண்மணி ஒருவர் நம் வாசலுக்கு வருகிறாரே, அவரிடமிருந்து ஆரம்பிக்க வேண்டும். புனேயில் இதைச் சொல்வதற்கு மற்ற ஊர்களைவிட அதிகக் காரணம் இருக்கிறது. இந்த விஷயத்தில் இந்த நகரத்துக்கு ஒரு சரித்திரமே உண்டு. இங்கே இருபது, முப்பது வருஷம் குடியிருந்தும் நம்மில் பலருக்கு அது தெரியாது.

1990 வாக்கில் எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்தின் புனே கிளையைச் சேர்ந்தவர்கள், குப்பை பொறுக்கும் பெண்களுக்கும் அவர்கள் குழந்தைகளுக்கும் எழுத்தறிவு கொடுக்கப் போனார்கள். பூர்ணிமா சிகர்மானே, லக்ஷ்மி நாராயண் ஆகியோர் அதில் முக்கியமானவர்கள். குப்பைத்தொட்டிக்குள் இறங்கி நாள் முழுவதும் கிளறுவதைவிட, வீட்டு வாசலிலேயே காகிதத்தையும் பாட்டிலையும் தனியாக வாங்கிக்கொண்டால் நேரமும் மிச்சம், விலையும் கூடுதல் என்பது அங்கே கண்கூடாகத் தெரிந்தது. ஆகவே சில குடியிருப்புகளில் பேசி, 'பிரித்துக் கொடுங்கள்' என்று கேட்டார்கள். அது நடக்க ஆரம்பித்த சமயத்தில் ஒரு தொழில்முனைவர் வண்டியோடு வந்து, குப்பையை மொத்தமாக நானே எடுத்துக்கொள்கிறேன் என்றார். பெண்கள் எதிர்ப்புக் காட்டினார்கள். இந்தக் குப்பை எங்கள் பிழைப்பு என்று அவர்கள் சொன்னதில்தான் எல்லாம் தொடங்கியது.

1993 மே மாதம் புனேயில் குப்பை சேகரிப்போர் மாநாடு ஒன்று கூடியது. மூட்டை தூக்கும் தொழிலாளர்களின் ஹமால் பஞ்சாயத்தைக் கட்டியெழுப்பிய டாக்டர் பாபா ஆடாவ் முன்னின்று நடத்தினார். அங்கே பிறந்த சங்கத்தின் பெயர் காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத். காகிதம், கண்ணாடி, தகரம், உழைப்பாளர் பஞ்சாயத்து என்று வார்த்தைக்கு வார்த்தை தமிழில் சொல்லிவிடலாம். பெயரிலேயே தொழிலை வைத்துக்கொண்ட சங்கம். 1995-96இல் அவர்களுடைய அடையாள அட்டைகளைப் புனே மாநகராட்சி அங்கீகரித்தது. திருட்டுப் பட்டம் கட்டிப் போலீஸ் துரத்திக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த அட்டை எவ்வளவு பெரிய விஷயம் என்பது, ரேஷன் கார்டில் பெயர் ஏற்ற நாம் வெளியூரில் பட்ட பாட்டை நினைத்தால் புரியும்.

2008இல் அடுத்த படி. அந்தச் சங்கத்தின் உறுப்பினர்களே பங்குதாரர்களாக அமைத்த 'ஸ்வச்' என்ற கூட்டுறவுச் சங்கம், வீடு வீடாகக் குப்பை வாங்க மாநகராட்சியோடு ஐந்து வருஷ ஒப்பந்தம் செய்துகொண்டது. (ஸ்வச் பாரத் திட்டம் 2014இல் வந்தது. இது அதற்கு முந்தியது. இரண்டையும் ஒன்றென நினைப்பவர்கள் அதிகம்.) ஏற்பாட்டின் சூட்சுமம் எளிது. மாநகராட்சி இவர்களுக்குச் சம்பளம் கொடுப்பதில்லை. வீட்டுக்காரர் மாதக் கட்டணம் தருகிறார். விற்கக்கூடிய பொருளை விற்று வரும் காசு அவர்களுக்கே. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் பெண்கள், இப்படி நகரத்தின் குப்பையைச் சுமக்கிறார்கள்.

பிம்ப்ரி-சிஞ்ச்வட் தனி மாநகராட்சி. நிக்டி, ஆகுர்டி பக்கத்து அன்பர்கள் தங்கள் பகுதி ஏற்பாட்டை விசாரித்துக்கொள்ளவும். நான் சொல்வது புனே மாநகராட்சி எல்லைக்கு உட்பட்டது.

இந்தச் சரித்திரத்தைச் சொன்னதற்குக் காரணம், பிரித்துக் கொடுப்பதால் யாருக்கு லாபம் என்ற கேள்விதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பது. டன் கணக்கில் பணம் வாங்கும் கான்டிராக்டருக்குப் பிரிப்பதில் அக்கறை இருக்க முடியாது. எடை கூடினால் அவருக்கு வரும்படி கூடும். ஈரம் சொட்டும் குப்பை என்றால் இன்னும் விசேஷம். சென்னையில் 2000ஆம் ஆண்டு ஓனிக்ஸ் கம்பெனி வந்தபோது உடுப்பும் புது வண்டிகளும் பார்க்க அழகாகத்தான் இருந்தன. ஆனால் பட்டுவாடா டன்னுக்கு இவ்வளவு என்ற கணக்கில். அதற்கு முன்பே, 1989இல் எம்.பி. நிர்மல் ஆரம்பித்த எக்ஸ்னோரா மூலம் எத்தனையோ தெருக்காரர்கள் மாதம் கொஞ்சம் பணம் போட்டு, மூன்று சக்கர வண்டியோடு ஒருவரை அமர்த்தி, குப்பையை ஒழுங்குபடுத்தியிருந்தார்கள். அந்தத் தெருக்களில் குடியிருந்துவிட்டு இங்கே வந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஊர் முழுவதற்கும் பெரிய கான்டிராக்ட் என்று வரும்போது, தெருவில் உருவான அந்த மாதிரி சின்ன ஏற்பாட்டை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

நம் வாசலுக்கு வரும் பெண்மணிக்கோ தலைகீழ்க் கணக்கு. சாம்பார் பட்ட அட்டைப்பெட்டிக்குப் பங்கார்க் கடையில் விலை கிடையாது. அதே பெட்டி காய்ந்திருந்தால் காசு. பிரிப்பதில் நேரடியான, அன்றன்றைய லாபம் உள்ள ஒரே ஆள் அவர்தான். அவரை மையத்தில் வைத்தால் பிரிப்பது தானாக நடக்கும். அவரை ஓரம்கட்டினால் எத்தனை நோட்டீஸ் ஒட்டியும் பிரயோசனமில்லை.

இங்கேதான் எங்கள் சொஸைட்டியில் வந்த விவாதத்தைச் சொல்ல வேண்டும். எண்பத்துநான்கு ப்ளாட்கள். பொதுக்குழுவில் ஓர் அன்பர் எழுந்து, "ஆன்லைனில் வாங்கும் சாமான் வரும் அட்டைப்பெட்டி எவ்வளவு குவிகிறது! அதையெல்லாம் ஏன் தாயிக்கு இனாமாகக் கொடுக்க வேண்டும்? சொஸைட்டியே விற்றால் மாதம் இரண்டாயிரம் ரூபாய் தேறும்" என்றார். கைதட்டல். இன்னொருவர் ஒரு படி மேலே போய், காய்ந்த குப்பையில் அவருக்கு வரும்படி இருப்பதால் மாதக் கட்டணத்தைப் பாதியாகக் குறைக்கலாம் என்றார். இந்த மாதிரிப் பேச்சு நம் சங்கத்து அன்பர்கள் குடியிருக்கும் வேறு சொஸைட்டிகளிலும் எழுந்திருப்பதாகக் கேள்விப்படுகிறேன்.

கேட்பதற்கு நியாயம் போலத்தான் இருக்கும். என் காசு கொடுத்து வாங்கிய பொருளின் பெட்டி, என் சொத்து. ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மாதம் இரண்டாயிரம் என்றால் ப்ளாட்டுக்கு 24 ரூபாய்கூட வராது. அந்த இரண்டாயிரத்துக்காகப் பெட்டியைச் சேர்க்க, மடக்க, கட்ட, எடை போட, கடைக்கு அனுப்ப ஆள் வேண்டும். வாட்ச்மேன் தலையில் கட்டினால் கேட்டை யார் பார்ப்பது? அதோடு, பெட்டியும் பாட்டிலும் போன பிறகு அவருக்கு மிஞ்சுவது என்ன? சிப்ஸ் பாக்கெட், தெர்மோகோல், உடைந்த கண்ணாடி, டயாபர். கடையில் யாரும் காசு கொடுக்காத சரக்கு. அதையும் அவர் எடுத்துப்போகத்தான் வேண்டும். லாபம் தரும் பாதியை நாம் வைத்துக்கொண்டு நாற்றம் அடிக்கும் பாதியை ஒருவர் தலையில் கட்டுவதற்கு மறுசுழற்சித் திட்டம் என்று பெயர் வைப்பது எனக்கு ஒப்பவில்லை.

நாம் காசு கொடுத்து வாங்கியது உள்ளே இருந்த சாமானை. பெட்டியை வேண்டாம் என்று வாசலுக்கு வெளியே வைத்த பிறகு, அதற்கு மதிப்பு உண்டாக்குவது அதைப் பிரிப்பவரின் உழைப்பு. 2016 ஏப்ரலில் மத்திய அரசு வெளியிட்ட திடக்கழிவு விதிகளிலும் இந்தக் கருத்துக்கு இடம் கிடைத்தது. 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்புகள் குப்பையைப் பிரித்து, விற்கக்கூடியதை அங்கீகாரம் பெற்ற குப்பை சேகரிப்போரிடமோ மறுசுழற்சி செய்வோரிடமோ ஒப்படைக்க வேண்டும், மக்கும் குப்பையை முடிந்தவரை வளாகத்துக்குள்ளேயே உரமாக்க வேண்டும் என்று அதில் எழுதப்பட்டது. சொஸைட்டி கல்லாவில் போட வேண்டும் என்று எழுதவில்லை.

எங்கள் பொதுக்குழுவில் கடைசியில் கட்டணத்தைக் குறைக்கும் யோசனை தோற்றது. நியாயத்தைவிட அந்த 24 ரூபாய்க் கணக்குதான் ஜெயித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ப்ளாட்காரர்களிடம் கணக்குப் பேசினால் எடுபடுகிறது.

சரி, எப்படி ஏற்பாடு செய்வது? முதலில், எதையும் வாங்காதீர்கள். குப்பை எடுக்க வருபவரை உட்காரவைத்து நாலு கேள்வி கேளுங்கள். எத்தனை மணிக்கு வந்தால் சௌகரியம், எதை விற்க முடிகிறது, எது விற்காது, எங்கே உட்கார்ந்து பிரிக்கிறார். கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் 'ரோட்டோரம்' என்றுதான் பதில் வரும். பார்க்கிங் மூலையில் மழை படாத, பத்தடிக்குப் பத்தடி இடம், ஒரு குழாய், ஒரு விளக்கு. ஒரு மறுசுழற்சித் திட்டத்துக்குத் தேவையான முதலீடு இதுதான். புனேயில் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை பெய்கிற மழையில் ரோட்டோரம் பிரித்தால் காகிதம் கூழாகிவிடும்.

இடம் கொடுப்பதில் ஒரு தயக்கம் வரும். 'அங்கே உட்கார்ந்தால் அசிங்கமாக இருக்காதா' என்பார்கள். இந்தத் தயக்கத்துக்கு உள்ளே ஜாதி இருக்கிறது என்பதை மூடி மறைப்பதில் அர்த்தமில்லை. இந்த வேலையில் இருப்போர் பெரும்பாலும் தலித் பெண்கள். 1972 பஞ்சத்தில் மராத்வாடா கிராமங்களைவிட்டுப் பிழைப்புத் தேடி புனே வந்த குடும்பங்கள் அவர்களில் ஏராளம். நாமும் பிழைப்புத் தேடி வந்தவர்கள்தான். கிர்க்கி ஆயுதத் தொழிற்சாலைக்கும் ரயில்வேக்கும் ராஸ்தா பேட்டைக்கும் நம்மில் பலருடைய தாத்தாக்கள் டிரங்குப் பெட்டியோடு வந்தார்கள். நமக்குக் கையில் பரீட்சை சர்டிபிகேட் இருந்தது. அவர்களுக்கு அதுவும் இல்லை. பாபா ஆடாவ் 1970களில் 'ஒரு ஊர், ஒரு தண்ணீர்த்துறை' என்று கிராமம் கிராமமாகப் போய், தனிக் கிணறு வைக்கும் வழக்கத்தை எதிர்த்து இயக்கம் நடத்தியவர். ஐம்பது வருஷம் கழித்து, குப்பை எடுக்கிறவர் லிஃப்டில் ஏறக்கூடாது என்று போர்டு வைத்த சொஸைட்டியை நான் பார்த்திருக்கிறேன். ஒன்பது மாடி.

பிறகு வீட்டுக்குள் நடக்க வேண்டியது. இதில் கமிட்டிக்காரர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. கூட்டத்துக்கு வருவது ப்ளாட்டின் சொந்தக்காரர். குப்பை டப்பாவைக் கையாளுவது அவர் அல்ல. பாத்திரம் தேய்க்க, பெருக்க வரும் பாயி. எனவே பாயிகளுக்குத் தனியாக, மராத்தியில், அரைமணி நேரம் சொல்லிக்கொடுக்க வேண்டும். 'ஓலா கச்ரா, சுகா கச்ரா' என்ற இரண்டு சொல் போதும். அவர்கள் பத்து வீட்டில் வேலை செய்பவர்கள். ஒருவர் கற்றுக்கொண்டால் பத்து வீடு திருந்தும். சொல்லிக்கொடுப்பதையும் குப்பை எடுக்கும் தாயியே செய்தால் இன்னும் நல்லது. நாம் சொன்னால் உத்தரவு, அவர் சொன்னால் விஷயம்.

அடுத்த தொல்லை வாடகைக்கு வருபவர்கள். மகாராஷ்டிராவில் பதினொரு மாத லீவ் அண்ட் லைசென்ஸ் என்பதால், ஹிஞ்சவடி, கராடி கம்பெனிகளில் வேலை செய்யும் பிள்ளைகள் வருஷத்துக்கு ஒரு தடவை இடம் மாறுகிறார்கள். நாம் கற்றுக்கொடுத்த ஆள் போய், புது ஆள் வந்துவிடுவார். வாடகைதாரருக்கு சொஸைட்டி என்.ஓ.சி. கொடுக்கும்போதே தாயியை அறிமுகப்படுத்திவிடுவது என்ற வழக்கம் எங்களுக்குக் கைகொடுத்திருக்கிறது. அபராதத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதை வசூலிக்கக் காரியதரிசி பகையாளியாக வேண்டும். கலந்து வைத்த குப்பையை எடுக்காமல் வாசலிலேயே விட்டுவிடுவது போதும். இரண்டாம் நாள் மூக்கு வேலை செய்யும். ஆனால் அப்படி விட்டுவிடும் அதிகாரம் அவருக்கு உண்டு என்று கமிட்டி எழுத்து மூலம் சொல்லியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் நாளே யாராவது கத்தி அவரைப் பயமுறுத்திவிடுவார்கள்.

நாப்கின், டயாபர் பற்றி நம் கூட்டங்களில் ஆண்கள் வாய் திறப்பதில்லை. பெண்கள் கூச்சப்படுகிறார்கள். விளைவு, கறுப்பு பிளாஸ்டிக் பையில் எல்லாவற்றோடும் சேர்த்துக் கட்டிப் போட்டுவிடுகிறோம். அதை ஒருவர் கையால் அவிழ்க்கிறார். பழைய செய்தித்தாளில் சுற்றி, மேலே சிவப்பு மையால் ஒரு புள்ளி வைத்துத் தனியாகக் கொடுங்கள் என்று ஸ்வச் ஓர் இயக்கமே நடத்தியது. சிவப்புப் புள்ளியைக் கண்டால் திறக்கமாட்டார்கள். 2013இல் அந்தப் பெண்கள் உபயோகித்த நாப்கின்களை மூட்டை கட்டி, தயாரித்த கம்பெனிகளுக்கே திருப்பி அனுப்பி, 'உங்கள் சரக்கை நாங்கள் தினம் தொடுகிறோம்' என்று உணர்த்தினார்கள். 2016 விதிகளில், இப்பொருள்களைச் சுற்றிப் போட உறையைத் தயாரிப்பாளரே கொடுக்க வேண்டும் என்று ஒரு விதி இடம்பெற்றது. எல்லாப் பாக்கெட்டிலும் உறை வரும்வரை செய்தித்தாளும் சிவப்புப் பேனாவும் இருக்கின்றன. இந்த ஒரு காரியத்துக்குப் பொதுக்குழுவும் வேண்டாம், தீர்மானமும் வேண்டாம். இன்று இரவே ஆரம்பிக்கலாம்.

ஈரக் குப்பைக்கு வருவோம். வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் இதுதான். இதை வளாகத்துக்குள் உரமாக்கினால் பாதிப் பிரச்சினை கேட்டைத் தாண்டாது. அது தாண்டிப் போன இடம் எது என்பதையும் ஒரு தடவை நினைத்துப் பார்க்க வேண்டும். சாஸ்வட் சாலையில் உருளி தேவாச்சி, ஃபுர்சுங்கி கிராமங்கள் புனேயின் குப்பையைப் பல பத்து வருஷம் சுமந்தன. கிணற்றுத் தண்ணீர் கெட்டது. 2017 ஏப்ரலில் மேடு தீப்பிடித்தபோது கிராமத்தார் லாரிகளை மறித்தார்கள். ஏறக்குறைய மூன்று வாரம் நகரம் தன் குப்பையோடு தானே உட்கார்ந்திருந்தது. பெருங்குடியையும் கொடுங்கையூரையும் தெரிந்த நமக்கு இது புது விஷயம் அல்ல.

பில்டர் கட்டிவைத்த கம்போஸ்ட் தொட்டி பல சொஸைட்டிகளில் ஏற்கெனவே இருக்கும். பழைய சைக்கிளும் உடைந்த டைல்ஸும் அதில் கிடக்கும். அவற்றை எடுத்துவிட்டாலே வேலை பாதி முடிந்தது. நாற்றம் அடிக்கிறது என்று கைவிட்டவர்கள் அநேகமாக ஒரே காரணத்தால் கைவிட்டிருப்பார்கள்: ஈரம் அதிகம், காற்று இல்லை. தோட்டக்காரர் பெருக்கி எரிக்கும் காய்ந்த இலையைச் சேர்த்துவைத்து, ஒவ்வொரு நாள் குப்பைக்கு மேலும் ஒரு பரப்பு போட வேண்டும். வாரம் ஓரிரு முறை கிளறிவிட வேண்டும். மழைக்காலத்தில் மூடி, மார்ச்சுக்குப் பிறகு கொஞ்சம் தண்ணீர் தெளித்து. ஒன்றரை மாதத்தில் கறுப்பாக, மண் வாசனையோடு இறங்கும். நம் சமையலறைக் குப்பை இதற்கு உகந்தது. டிகாக்ஷன் இறக்கிய காபிச் சக்கையைப் போல் உரத்துக்கு நல்ல சரக்கு வேறில்லை. வாழை இலையை நறுக்கிப் போட வேண்டும், இல்லாவிட்டால் பாய் போல் படிந்து காற்றை அடைக்கும். தேங்காய் ஓடும் நாரும் சீக்கிரம் மக்காது, தனியாக வைக்கவும். மீந்த சாம்பாரையும் மோரையும் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

ஒரே நாளில் உரமாக்கும் மின்சார மெஷின் என்று ஒன்றை விற்க ஏஜெண்டுகள் வருவார்கள். விலை லட்சக்கணக்கில். அது செய்வது பெரும்பாலும் குப்பையைச் சூடாக்கி, அரைத்து, உலர்த்துவது. வெளியே வரும் பொடியில் தண்ணீர் பட்டால் மறுபடி அழுக ஆரம்பிக்கும். மக்குவதற்கு நுண்ணுயிருக்கு வேண்டிய நாளை மெஷின் குறைத்துவிட முடியாது. கரண்ட் பில் மட்டும் நிச்சயம் வரும். அந்தப் பணத்தில் தொட்டியைப் பார்த்துக்கொள்ள ஒருவருக்குத் தனிக் கூலி கொடுத்தால் வருஷக்கணக்கில் ஓடும். அந்த வேலையையும் தாயிக்கே கேட்டுக் கொடுக்கலாம்.

கான்டிராக்டர் விஷயத்தை மறுபடியும் எடுக்கிறேன், ஏனென்றால் அது திரும்பத் திரும்ப வரும். 2020 டிசம்பரில் ஸ்வச்சின் ஒப்பந்தக் காலம் முடிந்தபோது, இந்த வேலையைத் தனியாரிடம் விடலாமா என்ற பேச்சு நகரசபை வட்டாரத்தில் எழுந்தது. பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். ஊர்க்காரர்கள் பலரும் கையெழுத்துப் போட்டு ஆதரவு தந்தார்கள். ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது. ஊரடங்கு மாதங்களில் நாம் கதவைச் சாத்திக்கொண்டிருந்தபோதும் அவர்கள் வந்தார்கள் என்பது அப்போது எல்லோருக்கும் நினைவிருந்தது. இதேபோல் உங்கள் சொஸைட்டிக்கும் ஒருவர் வருவார். மூடிய வண்டி, கையுறை போட்ட ஆள், ப்ளாட்டுக்குப் பத்து ரூபாய் குறைவு, பிரிக்கவே வேண்டாம் என்பார். அந்தக் கடைசிச் சலுகைதான் வலை. எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறீர்கள் என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வாங்குங்கள்.

ஸ்வச் ஏற்பாட்டில் குறை இல்லையா என்றால், உண்டு. ஒருவர் உடம்புக்கு முடியாமல் படுத்தால் மாற்று ஆள் வருவதற்குத் தாமதம் ஆகும். சிலருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது, மாடி ஏறமாட்டார்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போனால் நாலு நாள் குப்பை தங்கும். இவையெல்லாம் பேசித் தீர்க்கக்கூடியவை. மாடி ஏற முடியாதவருக்கு லிஃப்ட் இருக்கிறது.

கடைசியாக நம் சங்கத்துக்கு ஒரு வார்த்தை. பொங்கல் விழாவுக்கு முன்னூறு, நானூறு பேர் கூடுகிறோம். சாப்பாடு முடிந்த பின் ஹாலின் பின்பக்கம் போய்ப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? வாழை இலை, மீந்த சோறு, பேப்பர் கப், தண்ணீர் பாட்டில், பிளாஸ்டிக் ஸ்பூன் எல்லாம் ஒரே குவியல். மகாராஷ்டிராவில் 2018இலும் தமிழ்நாட்டில் 2019இலும் பிளாஸ்டிக் தடை வந்தது. நம் விழாவில் அதன் சுவடு தெரியவில்லை. பேப்பர் கப் பேப்பர் அல்ல, உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. பங்கார்க் கடையில் அதற்கு மதிப்பில்லை. இந்த நகரத்தில் கணபதி விசர்ஜனத்தின்போது ஸ்வச் பெண்கள் ஆற்றங்கரையில் நின்று, தண்ணீரில் போட வரும் பூவையும் மாலையையும், இங்கே நிர்மால்யம் என்பார்கள், கையில் வாங்கி உரத்துக்கு அனுப்புகிறார்கள். லட்சக்கணக்கானவர்கள் கூடும் விழாவில் அது முடிகிறது என்றால் நானூறு பேர் கூடும் விழாவில் முடியாதா?

செயற்குழுவுக்கு நான் எழுதிக் கொடுத்திருப்பது இதுதான். சமையல்காரரிடம் ஸ்டீல் டம்ளர் வாடகைக்குப் பேசுவது. இலை, சோறு ஒரு பக்கம், மற்றவை ஒரு பக்கம் என்று இரண்டு டிரம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் பந்தி முடியும் வரை ஓர் இளைஞர். அந்த வார்டு ஸ்வச் குழுவிடம் ஒரு வாரம் முன்பே சொல்லி, அன்றைய வேலைக்குத் தனிக் கூலி கொடுத்து, வருபவர்களுக்கும் நம்மோடு பந்தியில் இலை போடுவது. போகிக்கு முந்தின ஞாயிறு, எரிப்பதற்குப் பதிலாகப் பழைய துணி, பழைய மிக்ஸி, உடைந்த கம்ப்யூட்டர் ஆகியவற்றைச் சங்க வாசலில் சேர்ப்பது. ஸ்வச் இம்மாதிரிச் சேகரிப்பு நாள்களை நகரின் பல இடங்களில் நடத்துகிறது, கேட்டால் நமக்கும் ஒரு நாள் ஒதுக்குவார்கள். டிரம் பக்கத்தில் நிற்க இதுவரை ஐந்து பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் மூன்று பேர் வேண்டும். மராத்தி பேசத் தெரிந்தவர்களாக இருந்தால் நல்லது.